கடைமடைக்கு எட்டும் அலை

காவிரி டெல்டாவில் ஒரத்தநாட்டுப் பக்கம் தென்னந்தோப்புக்குள் நின்று பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "அவங்க பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கல." செல்போன் அமைப்பின் அடிப்படைச் சிக்கலே இதில் இருக்கிறது. டவர் 40 வாட், அதற்கு மேலும்கூட அனுப்பும். நம் செல்போன் அனுப்புவதோ பெரும்பாலும் 0.2 வாட்தான், பேட்டரியும் சூடும் அதற்கு மேல் விடாது. ஆகவே ஒரு டவரின் எல்லையைப் பெரும்பாலும் செல்போனின் மெல்லிய குரல்தான் தீர்மானிக்கிறது.

அடுத்தது அலைவரிசை. 700 மெகாஹெர்ட்ஸ் அலை தோப்பையும் சுவரையும் தாண்டித் தூரம் போகும். ஆனால் அங்கே இடம் குறைவு. 2022 அலைக்கற்றை ஏலத்தில் ஜியோ அதில் வாங்கியது 10 மெகாஹெர்ட்ஸ். 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வாங்கியது 100. அந்த உயர் பட்டை அகலமாக இருப்பதால் வேகம் தரும், ஆனால் அதன் அலை சீக்கிரம் தேய்ந்துவிடும். தலைமடையில் எவ்வளவு பாய்ந்தது என்பது ஒரு கணக்கு, கடைமடை நனைந்ததா என்பது வேறு கணக்கு என்று கல்லணைக் கால்வாய்ப் பாசனக்காரர்களுக்குத் தெரியும். செல்போன் விளம்பரங்கள் முதல் கணக்கையே சொல்கின்றன.

5ஜி தொழில்நுட்பத்தைச் சோதிக்க சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த விதிகளில், கிராமம் என்றால் 1,732 மீட்டருக்கு ஒரு டவர், நகர்வைச் சோதிக்க மணிக்கு 120 முதல் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பயனர். டெல்டாவின் வரப்பில் நடப்பவருக்கு இது பொருந்துமா? சென்னை ஐஐடியினர் உள்ளிட்ட இந்தியப் பொறியாளர்கள் வாதாடியதால், 6 கிலோமீட்டர் இடைவெளி, 700 மெகாஹெர்ட்ஸ், மெதுவாக நகரும் பயனர் என்ற சோதனையும் 2017இல் சேர்ந்தது. அந்த இடைவெளியில் டவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும்.

அவ்வளவு தூரத்துக்குச் செல்போனின் குரல் எட்ட வேண்டுமே! வழக்கமான சிக்னலில் திடீர் உச்சங்கள் எழும். அவை சிதையாதிருக்க, செல்போனின் பெருக்கி தன் முழு வலுவையும் காட்டாமல் அடக்கியே வேலை செய்கிறது. ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு பிட் ஏற்றி, உச்சங்களைத் தணித்து அலையை வடிவமைத்தால் அந்த அடக்கம் தேவையில்லை. அதே பெருக்கி கூடுதல் வலுவோடு பேசும். விலை, வேகம்: டவருக்கு அருகே நல்ல சிக்னலில் ஒரு துடிப்பு 6 பிட் சுமக்கும். நெல் விலை கேட்கவும் ஆம்புலன்ஸ் அழைக்கவும் அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து. இந்த முறையை முன்னிறுத்திய இந்தியத் தரமான 5ஜிஐ 2021இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஏற்பைப் பெற்று, பிறகு உலகப் பொதுத் தரத்தின் 17ஆம் பதிப்போடு இணைந்தது.

ஒரே டவர் பெரிய வட்டத்துக்குச் சேவை தருவதில் ஒரு ஆபத்தும் உண்டு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. டவர்கள் நெருக்கமாக இருந்தால் ஒன்று அணைந்தாலும் பக்கத்து டவர் ஓரளவு தாங்கும். 6 கிலோமீட்டருக்கு ஒன்று என்றால் பல ஊர்கள் ஒன்றாக ஊமையாகும். டவரைக் குறைத்து மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு பகுதியை அந்த டவரின் பேட்டரிக்கும் டீசலுக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும். உரிமம் தரும் அரசு இதை நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.