தகரத்தின் இரண்டு பக்கங்கள்

'பாதுகாப்பு' என்ற சொல், யாருக்கு, யாரிடமிருந்து என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காதவரை மிக நல்ல சொல். 2020இல் சென்னை மாநகராட்சி, தொற்று கண்ட வீடுகளின் கதவில் அறிவிப்பு ஒட்டி, வாசலிலும் தெருமுனையிலும் தகரம் அடித்தபோது இந்த இரண்டு கேள்விகளும் ஸ்தூலமான உருவம் கொண்டு தெருவில் நின்றன. தகரத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது பாதுகாப்பு. அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது என்ன?

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். தனிமனித சுதந்திரத்தின் பெயரால் அடைப்பே கூடாது என்று பேசுகிற கட்சியில் நான் இல்லை. என் மூச்சு அடுத்தவனைக் கொல்லக்கூடிய காலத்தில், என் நடமாட்டம் வாசற்படியோடு நிற்கட்டும் என்று தெரு கேட்பது நியாயம்தான். ஆகவே பிரச்னை, அடைக்கலாமா என்பதல்ல. அடைக்கிறவன் அடைக்கப்பட்டவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்பதுதான்.

இந்தக் கடனைப் பற்றி நம் சட்டம் அநேகமாக மௌனம் சாதிக்கிறது. 2020 மார்ச்சில் எடுத்துத் தூசி தட்டப்பட்டது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாய் மாகாணத்துப் பிளேக்கை முன்னிட்டு வெள்ளைக்காரன் போட்டது. மூலத்தில் நான்கே பிரிவுகள். அரசு எதையெல்லாம் செய்யலாம் என்று ஒன்று, மீறினால் தண்டனை என்று ஒன்று, நல்லெண்ணத்தில் செய்த அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது என்று ஒன்று. செலவு, இழப்பீடு பற்றிப் போகிற போக்கில் ஒரு வார்த்தை உண்டு. அடைக்கப்பட்டவனின் உரிமை என்று எதுவும் இல்லை. அந்த வருஷமே பூனாவில் வீடு புகுந்து சோதனை போட்ட பிளேக் கமிட்டியின் தலைவர் ராண்ட் சுடப்பட்டு இறந்ததும் சரித்திரம். கேள்வி கேட்க வழி வைக்காத அதிகாரத்துக்குக் கேள்வி எந்த ரூபத்தில் போய்ச் சேரும் என்பதற்கு அது ஒரு உதாரணம், நியாயம் அல்ல.

கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். வாசிப்பு நம் தொழில்தானே. அது யாரை நோக்கிப் பேசுகிறது? தெருவில் போகிறவனை. உள்ளே இருப்பவன் அதில் ஒரு தகவல் மட்டுமே. அவனைப் பற்றி எழுதப்பட்டது, அவனால் வாசிக்க முடியாத பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் இந்த ஒட்டுதலைப் பற்றிய வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் தீண்டத்தகாதவர்களாக நடத்தப்படுகிறார்கள் என்று குறிப்பிட்டது. இந்த உவமைக்காக நம் சமூகம் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. எட்டி நில் என்ற கட்டளை இங்கே நோயோடு வந்து இறங்கியதல்ல. நோய் அதற்கு ஒரு சுகாதாரக் காரணத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மாநகராட்சியை வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அம்மா உணவகங்களில் காசு வாங்காமல் சோறு போட்டதும் இதே மாநகராட்சிதான். காய்ச்சல் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டவர்களும், தகரத்துக்கு அப்பால் சேர்ந்த குப்பையை எடுத்தவர்களும் அதன் கடைநிலை ஊழியர்கள்தாம். நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. 1688இல் தோன்றிய இந்த மாநகராட்சியில் அப்போது மன்றம் என்பதே இல்லை. 2016 அக்டோபரில் உறுப்பினர்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 1993 முதல் எழுதியிருக்கிறது; எழுத்து எழுத்தாகவே இருந்தது. 200 வார்டுகளுக்கும் ஒரு தனி அலுவலர். அடைக்கப்பட்டவன் தன் வார்டிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது.

ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2020 ஏப்ரல் காட்டியது. தொற்றில் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்க வந்தவர்களைக் கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் மண்டை உடைந்தது. நள்ளிரவில் அவருடைய நண்பரான இன்னொரு டாக்டர் குழியில் மண் தள்ள வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது: அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. ஒரு பக்கம் கல், மறுபக்கம் சிறை. நடுவில், கூட்டத்தின் முன்னால் போய் நின்று, 'பிணத்திலிருந்து இப்படித் தொற்றாது, என்னை நம்புங்கள்' என்று சொல்லக்கூடிய, அந்தத் தெருவுக்குத் தெரிந்த ஒரு முகம் இல்லை. உள்ளாட்சி என்பது அந்த நடுவிடத்துக்குப் பெயர் என்றே நான் நினைக்கிறேன்.

மறுப்பு ஒன்று உடனே எழும். கவுன்சிலர் இருந்திருந்தால் ஓட்டுக்குப் பயந்து அவரும் கல் எடுத்திருப்பாரே? இருக்கலாம். பெங்களூரில் 2020 ஜூலையில் மன்றம் இருந்தது. அப்படியிருந்தும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு வீட்டுக் கதவுகளின் குறுக்கே மாநகராட்சி ஆட்கள் தகரம் அடித்தார்கள். ஒன்றில் இரண்டு சிறு குழந்தைகளோடு ஒரு தாய், மற்றதில் முதிய தம்பதி. தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவார்கள் என்று அண்டைவீட்டுக்காரர் ஒருவர் படத்தோடு பகிரங்கமாகக் கேட்டார். தகரம் அகற்றப்பட்டது, ஆணையர் மன்னிப்புக் கேட்டார். ஆக, தேர்தல் தார்மீகத்துக்கு உத்தரவாதம் அல்ல. அது தருவது ஒரு பெயரும் ஒரு விலாசமும் மட்டுமே. ஆனால் கடன் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் கடனாளிக்குப் பெயரும் விலாசமும் வேண்டும். மிச்சத்தை, அந்த அண்டைவீட்டுக்காரரைப் போல, தகரத்துக்கு இந்தப் பக்கம் நிற்பவன்தான் செய்ய வேண்டும்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மாதங்களில் நம் பத்திரிகைகளில் எழுதப்பட்ட கவிதைகளில், நான் படித்தவரையில், ஜன்னல் உண்டு, காலியான சாலை உண்டு, திரும்பி வந்த பறவைகள் உண்டு. தனிமை ஏராளமாக உண்டு. எல்லாம் உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டவனின் தனிமை. வெளியிலிருந்து ஆணி அடிக்கப்பட்டவனின் அனுபவம் அபூர்வம். ஆணி அடித்தவனின் கை அதைவிட அபூர்வம். ஒரு தெருவின் பயம் எப்படி ஒரு வீட்டின் தண்டனையாக மாறுகிறது என்பதை நம் எழுத்து இன்னும் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதற்குத் தனிமையைப் பற்றிய பிரக்ஞை போதாது, அண்டைவீட்டைப் பற்றிய பிரக்ஞை வேண்டும்.

அடுத்த நோய் வரும். அப்போதும் கதவுகள் அடைக்கப்படும். சிலவற்றை அடைக்கத்தான் வேண்டியிருக்கும். நான் கேட்பது சிறிய விஷயம். கதவின் உட்பக்கத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். உன்னை அடைத்தது யார், எந்த நாளில் திறப்பார்கள், அரிசியும் மருந்தும் யார் கொண்டுவருவார்கள், நள்ளிரவில் மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் பெயர் போட்டு எழுதியிருக்க வேண்டும். அந்தப் பெயரை எழுத முடியாதவர்களுக்கு ஆணி அடிக்கும் உரிமையும் இல்லை.