தனியாகப் போராடாதே, தம்பி!

குமணன்சாவடியில் மாங்காடு ரோடு திரும்பும் இடத்தில் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கிறாயே தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். கஞ்சாவோ, வலி மாத்திரையோ, டாஸ்மாக் சரக்கோ, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டாய். மனசாரத்தான் செய்தாய். இரண்டே நாளில் கை நடுங்கியது, தூக்கம் போனது, பழைய கூட்டாளி போன் போட்டான். சத்தியம் காற்றில் போயிற்று. "இவனுக்கு மனசுல உறுதியே இல்ல" என்றது தெரு. நீயும் அதை நம்பிவிட்டாய்.

நம்பாதே! உனக்கு வந்திருப்பது நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கிற நோய். அதை நீ பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், ஒற்றை ஆளாக எதிர்த்தாய். அங்கேதான் அடி விழுந்தது. தன்னம்பிக்கை உள்ளவன் யாரிடமும் கை நீட்ட மாட்டான் என்று எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பாடத்தைக் கிழித்துப் போடு. கூட்டாக நின்று மீண்டவர்களின் கதையைக் கேள்.

கலிபோர்னியாவில் 1958-ல் சார்லஸ் டெடரிக் என்ற பழைய குடிநோயாளி 'சினனான்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஹெராயினிலிருந்து யாரும் மீள முடியாது என்று பலரும் கைவிட்டிருந்த காலம். அங்கே போதையில் விழுந்தவர்களே ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ்ந்து, ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டார்கள். 1963-ல் நியூயார்க்கில் 'டேடாப்', 1967-ல் 'ஃபீனிக்ஸ் ஹவுஸ்' என்று அந்த முறை பரவியது. சிகிச்சைச் சமூகம் என்று அதற்குப் பெயர். அங்கே டாக்டரும் உண்டு, ஆலோசகரும் உண்டு. ஆனால் மருந்தே அந்தக் கூட்டம்தான்.

உள்ளே என்ன நடக்கும்? காலையில் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். "நேத்து கோவத்துல தட்டை வீசினியே, எதுக்கு?" என்று பக்கத்தில் இருப்பவனே கேட்பான். உன் பொய்யை டாக்டர் கண்டுபிடிக்க நேரமாகும். அதே பொய்யைத் தன் வீட்டில் சொல்லிவிட்டு வந்தவனுக்கு ஒரு நொடி போதும். புதிதாக வந்தவன் கையில் துடைப்பம் கொடுப்பார்கள். ஒழுங்காகப் பெருக்கினால் சமையற்கட்டு. அங்கேயும் நின்று காட்டினால் ஸ்டோர் சாவி. யோசித்துப் பார் தம்பி! உன் வீட்டில் அம்மா பீரோ சாவியை உனக்குப் பயந்து ஒளித்து வைக்கிறாள். அங்கே நாற்பது பேருக்கான அரிசியும் பருப்பும் இருக்கிற அறையின் சாவியை நம்பி உன்னிடம் ஒப்படைப்பார்கள். ராத்திரி அதை இடுப்பில் முடிந்துகொண்டு படுப்பாய் பார், அன்றைக்கு உனக்குள் எழுந்து நிற்பது தன்னம்பிக்கை! ஒருவர் நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்து, அதை நீ காப்பாற்றும்போது வருவது அது. மேடைப் பேச்சு கேட்டு வருவதில்லை. இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். பத்து வருஷம் ஏறிய விஷம் பத்து நாளில் இறங்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே சினனான் பிற்காலத்தில் டெடரிக் சொன்னதே சட்டம் என்றாகி, அடிதடியில் இறங்கி, 1978-ல் தங்களை எதிர்த்த வழக்கறிஞரின் தபால் பெட்டியில் விஷப் பாம்பை வைக்கும் வரை சீரழிந்தது. கேள்வி கேட்க வெளியாள் இல்லாத இடம் அப்படித்தான் அழுகும். ஆகவே உன்னைச் சேர்க்கப் போகிற மையத்துக்கு அரசுப் பதிவு இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, வீட்டார் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு உள்ளே போ. அடித்துத் திருத்துகிறேன் என்று ஒருவன் சொன்னால் அது சிகிச்சையே இல்லை. வந்த வழியே திரும்பு.

நம் சென்னையையே பார். மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன், பணத்துக்கும் படிப்புக்கும் குறையில்லாத வீட்டுப் பிள்ளை, 1979-ல் குடிநோயால் இறந்தார். இளம் விதவையான சாந்தி ரங்கநாதன் மூலையில் உட்காரவில்லை. அமெரிக்காவில் ஹேசல்டன் என்ற போதை மீட்பு மையத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். 1980-ல் கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அதுதான் இன்று அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக நிற்கிறது. 1992-ல் பத்மஸ்ரீ வந்தது. அந்த மனுஷி கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு: குடிக்கிறவன் மட்டும் நோயாளி இல்லை, வீடே நோயில் கிடக்கிறது. அதனால் அங்கே மனைவிக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சிகிச்சை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மஞ்சக்குடி. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம், இன்று திருவாரூர் மாவட்டம். சென்னைக்கு வந்து படுக்க வசதியில்லாத விவசாயக் கூலிகளுக்காக 1989-ல் அந்த டி.டி.கே. மருத்துவமனையே ஊருக்குப் போய் முகாம் போட்டது. பதினைந்து நாள் சிகிச்சை, அதன்பிறகு தொடர் கவனிப்பு, ஊர்க்காரர்களின் ஒத்தாசை. ஊரே சேர்ந்து ஒருவனைத் தூக்கி நிறுத்துவது அமெரிக்கச் சரக்கு என்று இனி யாரும் சொல்லக் கூடாது!

மஞ்சக்குடியால் முடிந்தது குமணன்சாவடியால் முடியாதா? மாங்காடு காமாட்சிக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொள்ளும் அம்மா, வேண்டுதலை விடாதீர்கள். ஆறாவது வாரம் வரை டாக்டரைப் பார்க்காமலும் இருக்காதீர்கள். "தெரிஞ்சா மானம் போகும்" என்று மறைக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளை போகிறான்.

தம்பி, தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதனால் முதல் படி ஆஸ்பத்திரி. 2025-ல் தமிழக அரசு கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை உட்பட 25 இடங்களில் 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்களைத் திறந்தது. போலீஸுக்குப் பயமா? 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைப் படி. போதைப்பொருள் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்தாலும், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுதாக முடிப்பவனுக்கு அது பாதுகாப்புத் தருகிறது. திரும்பவும் ஒருமுறை சறுக்கினாயா? மறுபடி போ. அந்த வட்டத்தில் உன் நாற்காலி இருக்கும்.

மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் கிடையாது. உனக்கு வர வேண்டிய ஷேர் ஆட்டோ இன்னும் வரவில்லை. இப்போதே அழுத்து!