கூலிக் கணக்கு

முழுக்கத் தானாக இயங்கும் கடைசல் யந்திரத்துக்கு எப்போது மாறுவது? 1958இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் இதற்குப் பதில் ஒரு வகுத்தல். புது யந்திரத்தால் கடன், வட்டி, தேய்மானம் என்று வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் கூடுதலாகிறது, உருப்படிக்கு 40 ரூபாய் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். 30,000 உருப்படிக்குமேல் ஆர்டர் இருந்தால் மாறலாம். இல்லையேல் பழைய லேத்தும் அதன்முன் நிற்கும் ஆளும் போதும்.

அந்த 40 ரூபாய் டர்னரின் கூலிதான் என்று கொண்டால், கூலி பாதியாகும்போது யந்திரம் வர 60,000 உருப்படி வேண்டியிருக்கும். ஆக, அவன் வேலைக்குக் காவல் அவனுடைய குறைந்த கூலி. கைத்திறன் இந்த வகுத்தலில் எங்கும் வரவில்லை. கூலி உயர்வு கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவன் யந்திரத்தை ஓரடி அருகில் அழைக்கிறான். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளை இழுக்கக் குதிரைக்குப் பதில் சில சமயம் பெண்களை வைத்துக்கொண்டதை மார்க்ஸ் 1867இல் குறிப்பிட்டார். குதிரைக்கு ஆகும் செலவு தெரிந்த தொகை, பெண்களுக்கு ஆவது கணக்குக்கே வராத சொற்பம். மயிலாப்பூர் மேடைகளில் கைத்தொழிலின் மேன்மை பேசுகிறவர்களுக்கு இந்தப் படகு நினைவிருப்பதில்லை. யந்திரம் வராமலிருப்பதில் கருணை ஏதுமில்லை.

ஆனால் யந்திரம் வந்ததும் கணக்குப் பார்த்து அல்ல. எண்களால் இயங்கும் யந்திரத்தை எம்.ஐ.டி. 1952இல் இயக்கிக் காட்டியபோது பணம் அமெரிக்க விமானப்படையுடையது. அதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது: தேர்ந்த தொழிலாளி ஒரு உருப்படியைச் செய்வான், அவன் அசைவுகள் நாடாவில் பதியும், யந்திரம் அவற்றைத் திரும்பச் செய்யும். அது ஒதுக்கப்பட்டதற்குச் செலவு மட்டும் காரணமில்லை, பட்டறையின் அறிவு யார் கையில் இருப்பது என்ற பிரச்னையும் அதில் உண்டு என்று டேவிட் நோபிள் 1984இல் ஒரு நூலே எழுதினார்.

டூல் மழுங்குவது டர்னருக்குச் சத்தத்திலேயே தெரியும். இந்த உலோகத்துக்கு இந்த வேகம் என்பதும் தெரியும். புது யந்திரத்துக்கு நிரல் எழுத வரும் பையன் அவனிடம் கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறான். கேட்டதற்குக் கூலி கிடையாது.

அவனுக்கே நிரல் எழுதக் கற்றுத்தரலாம். 6 மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய் என்றால் முதல் வருஷம் மட்டும் 30,000 என்பது 33,000 ஆகும். இந்த 3,000 உருப்படியைச் சேர்த்துப் போட்ட கணக்கு எதையும் இதுவரை நான் பார்த்ததில்லை.