ஊசியின் பிராமாண்யம்

மூடுபனி சூழ்ந்த மலைச்சரிவில் வழி தெரியாமல் நிற்கும் ஒருவனுக்கு, போக வேண்டிய பக்கம் வலப்பக்கம்தான் என்று மனம் அடித்துச் சொல்ல, கையிலுள்ள திசைகாட்டியோ இடப்பக்கம் திரும்பு என்று காட்டுமானால், அவன் இவ்விரண்டில் எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்க்கையில் மலையேறுவோரின் தொழில் விஷயமாகத் தோன்றினாலும், உண்மையில் நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகள் நூற்றாண்டுக் கணக்காக வாதித்து வந்த பிராமாண்ய விசாரமே ஆகும். ஓர் அறிவு மெய்யானது என்பது அவ்வறிவிலிருந்தே விளங்குமா, அல்லது வேறொன்றைக் கொண்டு நிலைநாட்டப்பட வேண்டுமா என்பதே அவ்விசாரம்.

மனத்தின் உறுதி எவ்வளவு பெறும் என்பது ஓரளவு சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிலையம் ஒன்றைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், அந்நாட்டின் பீன்வால்டு காட்டிலும் துனீசியாவின் சஹாராப் பாலைவனத்திலும் சிலரை நேராக நடக்கச் சொல்லிக் கண்டதை 2009-இல் வெளியிட்டார்கள். சூரியன் தெரிந்தவரையில் அவர்கள் ஒருவாறு நேராகவே நடந்தார்கள். மேகம் மூடிய காட்டிலோ வட்டமிட்டு வந்து, தாங்கள் முன்பு நடந்த தடத்தையே அறியாமல் குறுக்கே கடந்தார்கள்.

இப்படிப்பட்ட மனத்துக்குத் துணையாக வரும் கருவியின் பிரயோகத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஒளி ஊடுருவும் தட்டின்மேல் அமைந்த திசைகாட்டியை நிலப்படத்தில் வைத்து, நிற்கும் இடத்தையும் சேர வேண்டிய இடத்தையும் தட்டின் விளிம்பு தொடும்படி பொருத்தி, வட்டத்தினுள் உள்ள கோடுகள் படத்தின் வடக்குத் தெற்குக் கோடுகளுக்கு இணையாகும்வரை வட்டத்தைத் திருக வேண்டும். பிறகு அதை மட்டமாக மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஊசியின் சிவப்பு முனை வட்டத்தின் அடியிலுள்ள அம்புக்குறிக்குள் வந்து அடங்கும்வரை உடம்போடு திரும்ப வேண்டும். அப்போது தட்டின் அம்பு காட்டும் நேரில் ஒரு பாறையையோ மரத்தையோ குறித்துக்கொண்டு, அதை அடைந்தபின் அடுத்ததைக் குறித்துக்கொள்வதே முறை. ஊசியையே பார்த்துக்கொண்டு நடப்பவன் காலடியையும் இழப்பான், நேரையும் இழப்பான்.

காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதற்கு அதிருஷ்டமே, அதாவது புலப்படாத ஒன்றே, காரணம் என்று கணாதர் வைசேஷிக சூத்திரத்தில் எழுதிவைத்தார். பூமியே ஒரு காந்தமாக இருப்பதற்குக் காரணம் நம் காலடியில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகி ஓடும் இரும்பு என்று இன்று சொல்லுகிறார்கள். அவ்வோட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், ஊசி காட்டும் வடக்கும் மெய்யான வடக்கும் ஒன்றாக இருப்பதில்லை. இந்தக் காந்த ஒதுக்கம் லண்டனில் 1580-இல் கிழக்கே 11 பாகைக்குச் சற்று மேல் இருந்ததாக வில்லியம் பரோ அளந்தார். 1634-இல் ஹென்றி கெல்லிபிராண்ட் அளந்தபோது அது ஏறக்குறைய 4 பாகையாகச் சுருங்கியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே 24 பாகையைத் தாண்டிற்று. பத்துப் பாகையைக் கணக்கில் கொள்ளாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தவன் 170 மீட்டருக்கு மேல் விலகிப் போயிருப்பான். ஆயினும் இன்ன அளவு என்று தெரிந்த பிழையைக் கழித்துக்கொள்ளலாம் ஆதலின், அதன் பொருட்டு ஊசியைப் பொய்யன் என்று தள்ளுவது நியாயமாகாது.

அஞ்ச வேண்டியது தன்னைக் காட்டிக்கொள்ளாத பிழையே. கைப்பேசிக்கோ வேறு காந்தத்துக்கோ பக்கத்தில் நாள்கணக்கில் கிடந்த ஊசி சில சமயம் துருவம் மாறி, சிவப்பு முனையால் தெற்கைக் காட்டத் தொடங்கிவிடும். அப்போதும் அது முன்போலவே ஆடி, முன்போலவே நிலைக்கும். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள கூலின் மலையிலோ கருவியில் குற்றமில்லை, பாறையிலேயே காந்தம் இருக்கிறது. சில அடி தூரத்துக்குள் ஊசி வேறு வேறு வடக்கைக் காட்டும்.

குமாரிலபட்டரைப் பின்பற்றும் மீமாம்சகர், அறிவு தானே பிரமாணம் என்றும், கருவியில் தோஷம் காணப்பட்டாலோ, அதை மறுக்கும் வேறோர் அறிவு எழுந்தாலோ மாத்திரமே அதைத் தள்ளலாம் என்றும் சொல்லுவார். கூலின் மலை அவருக்கு நல்ல உதாரணம். பனியில் எழும் அச்சமோ இவ்விரண்டில் ஒன்றும் அன்று. நியாய மரபினரான நையாயிகர் இதற்கு உடன்படாமல், அறிவின் மெய்ம்மை அதைக் கொண்டு செய்த காரியம் பலிப்பதால்தான் தெரியும் என்பார். பனிக்குள் நிற்பவன் பலிக்கும்வரை காத்திருக்க இயலாதே என்றால், முன்பு பலித்த அறிவின் ஜாதியைச் சேர்ந்தது இது என்னும் அனுமானத்தாலேயே அறியலாம் என்று அவர் மரபில் பிற்காலத்தவர் விடை கூறினர். என் மனம் சாய்வது இந்த விடையின் பக்கமே. திசைகாட்டியைத் தேர்ந்தெடுப்பவன், திரவத்தில் மிதந்து விரைவில் அடங்கும் ஊசியையும், தான் போகும் நாட்டுக்கென்று சமன் செய்யப்பட்டதையும் (ஐரோப்பாவுக்குச் சமன் செய்த ஊசி ஆஸ்திரேலியாவில் ஒரு பக்கம் தாழ்ந்து உராயும்) பார்த்து வாங்குவதோடு நில்லாமல், தெளிந்த இரவொன்றில் துருவ நட்சத்திரத்துக்கு நேரே அதைப் பிடித்தும் பார்த்துவிட வேண்டும்.

அந்த நட்சத்திரத்தை எதனால் சோதிப்பது, இது அனவஸ்தை, அதாவது முடிவின்றி நீளும் தொடர், அல்லவா என்று மீமாம்சகர் கேட்பார். அதுவும் மெய்யான துருவத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாக விலகியே இருக்கிறது என்பது வாஸ்தவந்தான். ஆனால் ஐயம் தன் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் முடிந்துவிடுகிறது என்று நையாயிகரான உதயனர் நியாயகுசுமாஞ்சலியில் காட்டியிருக்கிறார். சோதித்தறிந்த ஊசியைப் பனியில் சந்தேகித்து வலப்பக்கம் அடியெடுத்து வைப்பவன், ஒருமுறையும் சோதித்திராத தன் மனத்தை அந்த அடியிலேயே முழுக்க நம்பிவிடுகிறான். அவனைச் சந்தேகவாதி என்று அழைப்பதற்கு இடமில்லை.