கடைமடைக்காரர் கேட்கலாமா?

திருப்பூரின் பனியன் தொழில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகிறது. அந்தத் தொழிலின் சாயக்கழிவால் நிலமும் கிணறும் கெட்ட உழவர்கள் தொகையில் அவர்களைவிட மிகக் குறைவு. அப்படியிருக்க, பட்டறைகளை மூடச் சொல்ல அந்தச் சிலருக்கு உரிமை உண்டா? நொய்யல் கரையில் எழுந்த இந்தக் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டதாலேயே அறக்கணக்கு தீர்ந்துவிடாது. அதைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற சின்ன ஆறு. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் அது சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப்போனது. அணை வேண்டும் என்று காத்திருந்த விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது. இந்த ஒரு செய்தியே பாதிப்பின் அளவைச் சொல்லிவிடும்.

கெடுதல் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அறக்கேள்வியின் பாதி அதற்குள்தான் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். தொட்டியில் சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ கொட்டினால்தான் ரியாக்டிவ் சாயம் இழையைப் பிடிக்கும். நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். சாயம் துணியில் தங்கிவிடும். போட்ட உப்போ அலசுகிற தண்ணீரோடு வெளியே போய்விடும். 1990-களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுத்தன. கரைந்த உப்பை எடுக்கும் வசதி அவற்றில் இல்லை. வெளியே வந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. பட்டறைத் தண்ணீர் அந்த அளவை வெகுவாகத் தாண்டியிருந்தது. அது அணையில் தேங்கி, மண்ணில் இறங்கி, கிணற்றில் ஊறியது. வயலில் உப்புப் பூத்தது.

நிறம் போனபின் ஓடுகிற உப்புத் தண்ணீரைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியாத கெடுதலைப் பட்டவரே நிரூபிக்க வேண்டும் என்றால், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவர் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதுதான். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தச் சுமையை மாற்றி வைத்தது. தன் செயல் கெடுதல் இல்லாதது என்று காட்ட வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது என்றது. உள்ளூர்க் குழு ஒன்று ஒரு நாட்டின் சட்டத்துக்கே கொடுத்த கொடை இது. இந்த மாற்றம் சட்ட நுணுக்கம் மட்டுமல்ல, அறத்தின் அடிப்படையும்கூட. லாபம் யாருக்கோ அவருக்கே ஆய்வுக்கூடம் வைக்க வசதியும் இருக்கும்; கடைமடையில் இருப்பவரிடம் கெட்ட கிணறு மட்டுமே இருக்கும்.

இப்போது தொகைக் கணக்குக்கு வருவோம். பலர் பிழைக்கச் சிலர் பொறுத்துக்கொள்ளலாம் என்ற வாதம் ஓரிடத்தில் மட்டும் செல்லும்: அந்தச் சிலரைக் கேட்டு, அவர்கள் சம்மதித்து, அதற்கு ஈடும் கொடுத்திருந்தால். ஒரத்துப்பாளையத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டதைத் தியாகம் என்று பெயரிட்டு அழைப்பது நேர்மை ஆகாது. தவிர, உடுப்பை உடுத்துகிறவர் கடல் தாண்டி இருக்கிறார். உப்பை எடுக்கும் செலவையும் சேர்த்தே பனியனுக்கு விலை வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் சேர்க்காமல் கரையோரத்து உழவர் தலையில் கட்டியதால்தான் விலை குறைந்தது. அதாவது, தன் நிலத்தைக் கொடுத்து எங்கோ ஒருவருக்கு மலிவு விலையில் சட்டை தைத்துக் கொடுத்தவர் அந்த உழவர்.

ஆனால் உழவர் பக்கத்தை மாசற்றதாக வரைந்துவிடுவதும் சரியல்ல. திருப்பூரில் பட்டறை வைத்தவர்களில் பலர் சுற்றுவட்டார உழவுக் குடும்பங்களிலிருந்து போனவர்கள். அண்ணன் காட்டில் ஏர் ஓட்ட, தம்பி பட்டறை நடத்திய குடும்பங்கள் கொங்கு நாட்டில் உண்டு. சாயப்பட்டறைகளுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் போனதும் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்துதான், விற்றவர்களும் விவசாயிகளே. இதைக் காட்டி, 'பங்கு வாங்கியவர்கள் வழக்குப் போடலாமா?' என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கலாம் என்பதே சரியான பதில். தண்ணீரை விற்றவரும் அதைக் கெடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அதோடு, மேற்கே கிணற்றை விற்றவருக்கும் கிழக்கே கிணறு கெட்டவருக்கும் இடையே பல மைல் தூரம் இருக்கிறது. ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் என்பதால் ஒருவர் கணக்கை இன்னொருவர் தீர்க்க வேண்டும் என்று சொல்ல முடியாது.

நொய்யல் நதி ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பர் 22-ஆம் தேதி வந்த உத்தரவு, 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையைப் பட்டறைகள் எட்ட வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா என்று தண்டம் வைத்தது. இந்தப் பைசாக் கணக்கில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தண்டம் என்பது செய்யாதே என்று சொல்வதற்கு. அதையே மாதாமாதம் கட்டப் பழகிவிட்டால் அது வாடகையாகிவிடும். பணம் கட்டினோம், விட்டோம் என்று சொல்ல வழி பிறந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2009-ல் உத்தரவை உறுதி செய்து மேலும் 3 மாத அவகாசம் கொடுத்தது. அதற்குப் பிறகும் கழிவு நிற்காததால்தான் 2011 ஜனவரி 28-ஆம் தேதி எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடலைக் கொடுமை என்று சொல்கிறவர்கள், அதற்கு முன் கொடுத்த தவணைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாலாற்று வழக்கிலும் 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கெட்டது முழுதும் சரியாகும்வரை கெடுத்தவரின் பொறுப்பு தொடரும் என்று சொன்னது. 1996-க்கும் 2025-க்கும் இடையில் ஒரு தலைமுறை கெட்ட நிலத்திலேயே வளர்ந்து ஆளாகிவிட்டது.

ஆற்றைக் காக்கும் குழுக்களில் இன்னொரு வகையும் உண்டு. கோவையில் 2003-ல் தொடங்கிய சிறுதுளி போன்ற அமைப்புகள் நொய்யல் படுகைக் குளங்களைத் தூர்வாரின, வாய்க்கால்களைத் திறந்துவிட்டன. மக்களும் தொழில் நிறுவனங்களும் பணமும் உழைப்பும் தந்தார்கள். நல்ல வேலை, மதிக்க வேண்டிய வேலை. ஆனால் தூர்வாரும்போது யாரும் பகையாவதில்லை. வழக்குப் போட்டால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் முகம் கொடுக்க மாட்டார். அந்தப் பகையைத் தாங்கத் துணிந்தவர்கள் இல்லையென்றால், தூர்வாரிய குளத்தில் திரும்பவும் சாயத்தண்ணீர்தான் வந்து நிற்கும். இரண்டு வேலையும் வேண்டும். ஆனால் மேடையில் சால்வை தூர்வாருகிறவர்களுக்கே விழுகிறது.

மூடலின் பாரத்தைச் சுமந்தவர்கள் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கை முடிக்க முடியாது. வழக்கின் தலைப்பில் முதலாளிகள் சங்கம் இருக்கிறது, ஆயக்கட்டுதாரர் சங்கம் இருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற கூலிக்காரர் பெயர் இல்லை. சாயம் வெளியே போன நாளில் அதை முதலில் தொட்டது அவர் கை. பட்டறை மூடிய நாளில் முதலில் நின்றதும் அவர் கூலி. மூடச் சொல்லிக் கேட்டதால் விவசாயிகள் தப்புச் செய்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கூலிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தவணை வாங்கி வாங்கி நாளைக் கடத்திய முதலாளிகளும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசும்தான். சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மூடியிருந்த நாள்களின் கூலியையும் அதே கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஆனாலும், தண்ணீருக்காகக் கூடிய சங்கம் தன் கோரிக்கையோடு 'கூலியைக் கொடு' என்ற வரியையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அதன் குரலுக்கு இன்னும் வலுவிருந்திருக்கும். நீதி கேட்டுப் போகிறவர்கள் தங்கள் வழக்கில் இல்லாதவருக்கும் ஓர் இடம் வைப்பது கடமை என்று கட்டாயப்படுத்த முடியாது, எதிர்பார்க்கலாம்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. கடல்வரை குழாய் போட்டுக் கழிவை அங்கே கொண்டுபோய் விடலாம் என்ற யோசனை ஒரு காலத்தில் எழுந்தது. திருப்பூரில் கெடுபிடி கூடியபோது சாய வேலை பிற மாவட்டங்களுக்கும் நகர்ந்தது. பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரியில் சாயம் கலக்கிறது என்ற புகார் இன்றும் ஓயவில்லை. உப்பைப் பிரித்தெடுக்கும் நிலையங்களிலும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்திய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் சேர்கின்றன. நொய்யலில் விழாத உப்பு வேறெங்கோ விழத்தான் காத்திருக்கிறது என்றால், நொய்யலைக் காத்தவர்களின் பொறுப்பு எந்த எல்லையில் முடிகிறது?

உள்ளூர்க் குழுவின் பலமே அது உள்ளூர் என்பதுதான். தன் கிணறு, தன் வாய்க்கால் என்று தெரிந்தவர்தான் இத்தனை ஆண்டு அலைவார். ஊருக்கெல்லாம் பொறுப்பேற்கச் சொன்னால் ஒருவரும் தாங்க மாட்டார். ஆனால் தன் ஆற்றுக்காகத் தான் கேட்ட நியாயம் அடுத்த ஆற்றுக்காரருக்கும் பொருந்தும் என்று ஏற்காவிட்டால், அந்தக் கோரிக்கை 'என் வாசலில் கொட்டாதே' என்ற அளவுக்குச் சுருங்கிப்போகும். அப்போது மேலே இருந்த முதலாளிக்கும் கீழே இருந்த உழவருக்கும் தூரம்தான் வேறுபாடு. நொய்யல் காவிரியில்தான் சேர்கிறது. ஒரத்துப்பாளையத்து உப்பு அணையோடு நின்றுவிடவில்லை. ஆகவே ஒரு சாயப்பட்டறை இடம் மாறுகிறது என்று தெரிந்தால், எந்த உப்பு எவ்வளவு போகும், எந்தச் சோதனையை எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும், எந்த ஆணையை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்று பள்ளிபாளையத்துக்காரருக்கு முதலில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் ஒரத்துப்பாளையத்துக்காரர்களே. இருபது ஆண்டு அலைந்து சேர்த்த அந்த அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது.