மேலேயா, கீழேயா?

அமெரிக்க விமானப்படையின் சீருடையைப் போட்டுக்கொண்டு தரைப்படையோடு உண்டு, உறங்கி, அவர்களுடைய புழுதியில் நடப்பதுதான் நான் பார்த்த வேலை. வான் தொடர்பு அதிகாரி என்று தமிழில் சொல்லலாம். தரைப்படைத் தளபதிக்குப் பக்கத்தில் இருந்து, விமானம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். முடிவு அவருடையது. தரைப்படைக்காரருக்கு நான் விமானப்படைக்காரன்; விமானப்படைக்காரருக்கோ நான் பாதித் தரைப்படைக்காரன். இரண்டு பக்கமும் முழுதாகச் சேராமல் இருப்பது எங்களில் பலருக்குப் பழகிய நிலைதான், அதனால் அது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த வருடக்கணக்காயிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப நீ மேலையோ நிண்டனி, கீழையோ நிண்டனி?"

1995 ஆடி மாதம் நாங்கள் மானிப்பாயில் இருந்தோம். நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் மீது குண்டு விழுந்தது அந்த மாதத்தில்தான். எனக்கு அப்போது பதினொரு வயது. பொம்மர் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்குவோம். அம்மா என் தலையைத் தன் மடிக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அந்த நாட்களில் எங்களுக்கு உலகத்தில் இரண்டு சாதிதான்: மேலே இருப்பவர்கள், கீழே இருப்பவர்கள். அம்மாவின் கேள்வி அங்கிருந்து வந்தது.

தரையிலிருந்து விமானிக்குச் சொல்லும் தாக்குதல் விபரத்துக்கு ஒன்பது வரிகள் உண்டு. இலக்கின் உயரம், இலக்கு எது, அது எங்கே இருக்கிறது என்று போகும். எட்டாவது வரி, எங்கள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது. ஊர்ச்சனம் எங்கே என்பதற்குத் தனி வரி இல்லை. அதைச் சண்டை விதிகளிலும் கேட்பவரின் மனதிலும் தேட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு மிக அருகில் குண்டு போட வேண்டி வந்தால் தரைத்தளபதி தன் பெயரின் முதலெழுத்துகளைக் கொடுக்க வேண்டும். அதை விமானிக்குச் சொல்வோம். ஆபத்தை நான் ஏற்கிறேன் என்பது அதன் பொருள். இந்த ஏற்பாட்டில் எனக்கு மரியாதை உண்டு. நூறு பேர் கை வைத்த ஒரு காரியத்துக்கு ஒருவரின் பெயராவது கிடைக்கிறது.

ஆனால் ஆலோசனை சொன்னவனின் பெயர் எங்கே?

2009 செப்டெம்பர் 4ஆம் திகதி குண்டூசில் நடந்ததை நான் பலமுறை படித்திருக்கிறேன். தலிபான்கள் கடத்திய இரண்டு எரிபொருள் பவுசர்கள் ஆற்று மணலில் புதைந்து நின்றன. ஜெர்மானியத் தளபதி கேணல் கேயோர்க் கிளைன் தன் முகாமுக்குள் இருந்து, விமானம் அனுப்பிய படத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நிற்பவர்கள் எல்லோரும் போராளிகள்தான் என்று உளவுத் தகவல் சொன்னது. மேலே இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள். தாழப் பறந்து கூட்டத்தைக் கலைக்கட்டுமா என்று விமானிகள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கேட்டார்கள். தரையில் இருந்த கட்டுப்பாட்டாளர் வேண்டாம் என்றார். அந்த இடத்தில் நேட்டோ படையினர் ஒருவருமே இல்லை. ஆனாலும் படையினர் சண்டையில் இருப்பதாக விமானிகளுக்குச் சொல்லப்பட்டது. இரண்டு குண்டுகள் விழுந்தன. எரிபொருள் அள்ள வந்த ஊர்ச்சனங்கள் பலர் செத்தார்கள். 2010இல் ஜெர்மானிய வழக்குத் தொடுநர்கள் விசாரணையை மூடினார்கள்.

இதை வாசிக்கும்போதெல்லாம் என்னை உலுக்குவது ஒரு விசயம்தான்: அன்று தயங்கியவர்கள் மேலே இருந்தவர்கள். அவசரப்பட்டவர்கள் கீழே இருந்தவர்கள். அம்மாவின் கணக்கு அங்கே தலைகீழாகிவிடுகிறது.

இனி என் கதை. 2012, கிழக்கு ஆப்கானிஸ்தான். ஒரு பின்னிரவு, எங்கள் வாகனங்கள் போய்வரும் மண் பாதையோரம் இரண்டு பேர் குனிந்து எதையோ தோண்டுவது திரையில் தெரிந்தது. வெப்பப்படத்தில் மனிதர் வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். கண்ணிவெடி புதைக்கிறார்களா என்பது கேள்வி. அந்தப் பக்கத்து விவசாயிகள் தங்கள் முறை வரும்போது இரவிலும் வாய்க்கால் திறப்பார்கள். தளபதி என்னைத் திரும்பிப் பார்த்தார். விமானம் தாழப் பறக்கட்டும், பார்ப்போம் என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். ஜெற் சத்தத்தில் இரண்டு புள்ளிகளும் ஓடி ஒரு மதிலுக்குப் பின்னால் மறைந்தன. விடிந்ததும் போய்ப் பார்த்தவர்கள் கிளறிய மண்ணைத் தவிர ஒன்றையும் காணவில்லை.

பதினேழு நாள் கழித்து அதே பாதையில், அந்த இடத்திலிருந்து அரைக் கிலோமீற்றருக்குள், ஒரு வாகனம் வெடியில் சிக்கியது. பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் செத்தான். எனக்கு அவனைத் தெரியும். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்று மிளகாய்ச் சோஸ் போத்தலை எப்போதும் காலியாக்குகிறவன்.

அவர்கள்தான் வைத்தார்களா? தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் என்னை விடாத கேள்வி வேறு. அன்று திரையைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊரில் விடியப்புறம் புகையிலைக்குத் தண்ணி மாறும் ஆட்கள். மண்வெட்டியோடு குனிந்தபடி, மேலிருந்து பார்த்தால் அவர்களும் அப்படித்தான் தெரிந்திருப்பார்கள். நான் சொன்னது ஓர் அதிகாரியின் மதிப்பீடா, பங்கருக்குள் இருந்த பதினொரு வயதுப் பிள்ளையின் பயமா? இரண்டாவது என்றால், என் சிறுவயதின் விலையை அந்தப் பெடியன் அல்லவா கொடுத்தான்? போடு என்று சொல்வதற்கு முதலெழுத்து வாங்குகிறோம். வேண்டாம் என்று சொன்னவனிடம் யாரும் எதுவும் வாங்குவதில்லை.

நண்பர் ஒருவர், அப்படிப்பட்ட வேலைக்கு ஏன் போனாய், விதுரன் போல் வில்லை ஒடித்துவிட்டு விலகியிருக்கலாமே என்றார். நல்ல கேள்வி. ஆனால் விதுரன் வில்லை ஒடித்த பிறகும் போர் நடந்தது. சபையில் ஒரு குரல்தான் குறைந்தது. நான் விலகியிருந்தால் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருப்பார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. இதுவும் ஒரு சாட்டுத்தான் என்பது தெரிந்தே சொல்கிறேன். எல்லா இராணுவங்களிலும் எல்லோரும் சொல்லும் சாட்டு. அதற்காக அது பொய்யாகிவிடுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

போன தைப்பொங்கலுக்கு அம்மாவிடம் இதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு பேருக்கும் தெரியுமோ, நீதான் சொன்னதெண்டு?"

"தெரியாது."

"செத்த பெடியன்ர தாய்க்கு?"

"அவவுக்கும் தெரியாது."

அம்மா சிறிது நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிச்சக் கட்டை என் பக்கமாகத் தள்ளி, "இதையும் ஆய்" என்றார்.