மண்ணுக்குக் கணக்கு இருக்கு, இறங்கினவங்களுக்கு?

போத்தனூரில் பாலக்காட்டு ரயில் ஏறினால் அடுத்தது மதுக்கரை, அதற்கடுத்தது எட்டிமடை. அந்தப் பக்கம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை ஓடுகிறது. 1934இல் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததற்கு அந்தப் பாறைதான் காரணம். புவியியல் வரைபடத்தில் அது ஒரு நிறப்பட்டை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு தேறும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அதை உடைக்கப் போனவங்க யாரு, எந்தத் தெருவிலிருந்து போனாங்க, எத்தனை வயசு வரைக்கும் உசுரோட இருந்தாங்க என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"அது வரைபடத்தோட வேலை இல்லையேப்பா" என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். பாறைக்குச் சாதி கிடையாது, பாறையை எழுதுகிற கணக்குக்கும் சாதி கிடையாது என்பது அவர்கள் வாதம். இது நேர்மையான வாதம்தான். திட்டி ஒதுக்கிவிட முடியாது. ஒரு தேசம் தன் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவதில் குற்றம் என்ன இருக்கிறது? அறிவு எப்படி அநியாயமாகும்? இதைத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று பார்ப்போம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1851இல் கல்கத்தாவில் தாமஸ் ஓல்ட்ஹாம் தலைமையில் தொடங்கியது. ஏழை எளியவர்களின் நலனுக்காக அல்ல, நிலக்கரிக்காக. ரயிலுக்குக் கரி வேண்டும், கரி எங்கே கிடக்குதுன்னு தெரிய வேண்டும். போத்தனூருக்கு 1862இல் ரயில் வந்தது. தண்டவாளமும் வரைபடமும் ஒரே ஆட்சியின் இரண்டு கைகள். ஒரு கை தேடியது, இன்னொரு கை ஏற்றிக்கொண்டு போனது.

கொங்கு மண்ணில் தேடியவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஹாலந்து. காங்கயம் பக்கத்துச் சிவன்மலைப் பாறைகளைப் பற்றி 1901இல் அவர் எழுதியது இன்றைக்கும் பேசப்படுகிறது. 'சிவமலைத் தொகுதி' என்று உலகப் புவியியலில் ஊர்ப்பெயர் ஏறிவிட்டது. அங்கே கிடைக்கிற குருந்தக்கல்லை ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்கள். அந்தச் சொல்லே நம்ம 'குருந்தம்'தான். கல்லோடு சேர்ந்து பெயரும் போயிருக்கிறது. பெயர் தானாகப் போகாது. யாரோ ஒருத்தர் கல்லைப் பொறுக்கிக் கையில் வைத்து, "இது குருந்தக்கல்லுங்க" என்று சொல்லியிருந்தால்தான் போகும். சொல் பதிவாகிவிட்டது, சொன்ன வாய் பதிவாகவில்லை.

அதே ஹாலந்துதான் 'சார்னாக்கைட்' என்று ஒரு பாறைக்குப் பெயர் வைத்தார். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கிற கல். கல்கத்தாவில் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் அந்த வகை என்பதால் அந்தப் பெயர். கல்லுக்கு அடியில் படுத்திருந்தவர் பெயர் உலகத்துக்கே பாடமாகிவிட்டது. அந்தக் கல்லை வெட்டி, சுமந்து, கப்பலேற்றினவர்களுக்கு ஒரு எழுத்துகூட மிச்சமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதே 1901இல் இதே ஹாலந்து, குடகர்களையும் அவர்களுடைய வயலில் அடிமைப்பட்டு உழைத்த எரவர்களையும் ஒப்பிட்டு ஓர் இனவியல் கட்டுரையும் எழுதினார். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி சாதிகளை மேல், கீழ் என்று வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் மனுசர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்தார். கல்லை வகை பிரித்த கண்ணும் ஆளை வகை பிரித்த கண்ணும் அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்து மேசையில்தான் இருந்தன. சில சமயம் ஒரே முகத்தில் இருந்தன.

இப்போது கோலாருக்கு வருவோம். கொங்குக்கு வெளியே இருந்தாலும் அது நம்ம சனத்தின் ஊர். 1802இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி எல்லை அளக்க வந்த இடத்தில், இங்கே தங்கம் கிடைக்குதுன்னு ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டார். மாரிக்குப்பத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கிக் கல்லைக் கூடை கூடையாகக் கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்கள் அதைப் பாறையில் இடித்துப் பொடியாக்குவதையும் பார்த்து எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து லவெல் என்ற அயர்லாந்துக்காரர் அந்த எழுத்தைப் படித்துவிட்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பிறகு, 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் இதைத் தங்கத்தைக் 'கண்டுபிடித்த' கதை என்கின்றன. ஏற்கெனவே ஆள் இறங்கிக்கொண்டிருந்த குழியை எப்படிக் கண்டுபிடிப்பது? நடந்தது அறிவு கைமாறியது. வாயிலிருந்து காகிதத்துக்கு, காகிதத்திலிருந்து கம்பெனிக்கு. அப்புறம் வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் தலித் மக்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் குழிக்குள் கூலிகளாக இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

அங்கே தங்கம் முதல் நாளிலிருந்தே அளக்கப்பட்டது. ஒரு டன் கல்லுக்கு எவ்வளவு என்று கணக்கு. நுரையீரலில் படிந்த கல்தூசியைச் 'சிலிகோசிஸ்' என்று பெயர் சொல்லி இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு செய்தது 1934இல், அதே கோலாரில். நடுவில் அரை நூற்றாண்டு. அதுவரை செத்தவர்கள் எந்த நோயில் செத்தார்கள்? இருமலில் என்று சொல்லியிருப்பார்கள். கம்பெனிக்கு ஆட்களைக் கணக்கெடுக்கத் தெரியாமல் இல்லை. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரேகையை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இருமலை எழுதத் தெரியவில்லை.

எங்க பக்கம் கிணறு வெட்டுகிற பெரியவர் ஒருவரிடம், அடியில் என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க என்று கேட்டேன். "கடப்பாரை சத்தம் மாறும் கண்ணு. செம்மண்ணு தொம்முனு வாங்கிக்கும். சுக்காங்கல்லு கரகரங்கும். பாறைன்னா கணீர்னு நம்ம கைக்கே திருப்பிக் குடுக்கும். கையில வாங்குனவனுக்குத் தெரியும்" என்றார். புவியியல் படித்தவரும் இதையேதான் சொல்வார், வேறு சொல்லில். ஒன்று சம்பளம் வாங்குகிற அறிவு. இன்னொன்று கூலி வாங்குகிற கை. கையை அறிவு என்று ஒத்துக்கொள்ளாதது பாறையின் இயல்பு இல்லை, சாதியின் இயல்பு.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் காலம், இப்போ விஞ்ஞானம் தன் வேலையைப் பார்க்குதுன்னு சொல்லலாம். இப்போதைய கணக்கைப் பார்ப்போம். நாகபுரியில் தலைமையிடம் கொண்ட இந்தியச் சுரங்கப் பணியகம் 1948இல் அமைந்தது. தேசியக் கனிமப் பட்டியலை அதுதான் வைத்திருக்கிறது. ஐ.நா. வகுத்த முறைப்படி ஒவ்வொரு இருப்புக்கும் மூன்று இலக்கம் போடுகிறார்கள். முதல் இலக்கம், எடுத்தால் லாபம் வருமா? இரண்டாவது, எடுப்பது சாத்தியமா என்று எந்த அளவுக்கு ஆய்ந்திருக்கிறோம்? மூன்றாவது, மண்ணுக்கடியில் இருப்பது எந்த அளவுக்கு உறுதி? 111 என்றால் உறுதியான இருப்பு. 333 என்றால் இருக்கக்கூடும் என்ற ஊகம்.

இந்த மூன்றில் கடைசி இலக்கம் மட்டும்தான் பாறையைப் பற்றியது. முதல் இலக்கம் மனுசரைப் பற்றியது. லாபம் வருமா என்று எப்படிக் கணக்குப் போடுவார்கள்? விற்கிற விலை, எடுக்கிற செலவு. எடுக்கிற செலவில் கூலி இருக்கிறது. தூசியை அடக்கத் தண்ணீர் தெளிக்கிற செலவு, முகமூடி வாங்குகிற செலவு, நோய் வந்தால் கொடுக்கிற நஷ்ட ஈடு இருக்கிறது. இவற்றைக் குறைத்தால் எடுக்கிற செலவு குறையும். செலவு குறைந்தால் நேற்று வரை வெறும் கல்லாக இருந்தது இன்றைக்கு 'இருப்பு' ஆகிவிடும். அப்படியானால், எந்தக் கல் வளம், எந்தக் கல் வெறும் கல் என்பதைத் தீர்மானிப்பதில் ஒரு சனம் எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதும் சேர்ந்திருக்கிறது. நம்ம நாட்டில் அந்த மலிவைத் தலைமுறை தலைமுறையாகத் தயாரித்துக் கொடுப்பது எது? நிலம் இல்லாமல் வைத்திருக்கிற, வேறு தொழிலுக்கு விடாத சாதி ஏற்பாடு. ஆக, வரைபடத்தில் நாம் இல்லை என்று சொல்வது சரியில்லை. நாம் இருக்கிறோம். மலிவு என்ற உருவத்தில், ஒரு இலக்கத்துக்குள் ஒளிந்து இருக்கிறோம். பாறைக்குச் சாதி இல்லைதான். இருப்புக்கு இருக்கிறது.

செத்தவர் கணக்கே இல்லையா என்றால், இருக்கிறது. சுரங்க விபத்துகளைத் தன்பாத்தில் இருக்கிற சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் பதிகிறது. அது தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ். கனிமப் பட்டியல் சுரங்க அமைச்சகத்தின் கீழ். வேற ஆபீசு, வேற புத்தகம். ஒரு குன்றில் எத்தனை டன் கல் இருக்கு என்பதும், அந்தக் குன்றில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதும் ஒரே பக்கத்தில் சந்திப்பதே இல்லை.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் பொறுப்பிலிருந்த துறையின் கீழேதான் சுரங்கத் தொழிலாளர் நலனும் இருந்தது, புவியியல் ஆய்வு நிறுவனமும் இருந்தது. 1943 டிசம்பரில் தன்பாத் பகுதிக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். 1944இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி அவசரச் சட்டம் வந்தது. போர்க்காலத்தில் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கத் தடை தளர்த்தப்பட்டபோது சட்டசபையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சம வேலைக்குச் சம கூலி என்பதை அங்கே முன்வைத்தார். அந்த முடிவு சரியா தப்பா என்று இன்றைக்கும் நாம் விவாதிக்கலாம். ஆனால் கனிமத்தைக் கேட்டவரிடமே, இறங்குகிற பெண்ணைப் பற்றியும் கேட்க முடிந்தது. இன்றைக்கு யாரிடம் கேட்பது?

கணக்கே வேண்டாம், வரைபடத்தைக் கொளுத்துவோம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பேசுவது வசதியான கோபம். எண்ணப்பட்டதால் நாம் பெற்றதும் உண்டு. தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததென்றால், எத்தனை பேர் இருக்கிறோம், எத்தனை பேர் படித்தோம், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எண் வைத்துக் கேட்டதால்தான் வந்தது. ரிஸ்லி எண்ணியது ஆள்வதற்கு. நாம் எண்ணுவது கேட்பதற்கு. யார் எண்ணுவது, எதுக்கு எண்ணுவது என்பதில்தான் நியாயம் அநியாயம் இருக்கிறது.

மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். டங்ஸ்டன் இருக்கிறது என்று கணக்கு வந்தது. சுமார் 2,000 ஹெக்டேர் நிலம் 2024 நவம்பரில் ஏலத்தில் போனது. மக்கள் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நல்ல வெற்றி. அங்கே குடைவரைக் கோயில் உண்டு, தமிழி கல்வெட்டு உண்டு, 2022இல் அறிவித்த பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற பெயர் உண்டு. அந்த மலைக்காகப் பேச இன்னொரு பட்டியல் இருந்தது. கல்வெட்டும் இல்லாத, கோயிலும் இல்லாத, சேரிக்குப் பக்கத்துக் கல்குவாரிக் குழிக்காக எந்தப் பட்டியல் பேசும்?

கோலார் சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடினார்கள். தங்கம் தீர்ந்துபோகவில்லை. எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. முதல் இலக்கம் மாறிவிட்டது. தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சயனைடு கலந்த கழிவு குன்று குன்றாக அங்கேயே கிடந்தது. காற்றடித்தால் அந்தத் தூசி லைன் வீடுகளுக்குள் வரும். தங்கம் விலை ஏறியது. 2024இல் அந்த 13 கழிவுக் குன்றுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு கொடுத்தது. கழிவு மறுபடி வளமாகிவிட்டது. அதே தூசியை மூச்சில் வைத்துக்கொண்டு அதே லைனில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எந்த இலக்கமும் மாறவில்லை.

அதனால் நாம் கேட்க வேண்டியது பெரிய தத்துவம் இல்லை. மூன்று இலக்கத்தோடு நான்காவது ஒன்றும் எழுதச் சொல்ல வேண்டும். இந்தக் கல்லை முதலில் காட்டியவர்கள் யார்? எடுத்தவர்கள் எந்தச் சாதி, எந்த ஊர்? எத்தனை பேருக்கு நெஞ்சில் தூசி? எத்தனை பேர் குழியிலேயே போனார்கள்? மூடிய பிறகு எங்கே போனார்கள்? இதை எழுதாத வரைக்கும் எந்த இருப்பும் 'உறுதி' ஆகாது என்று சட்டம் சொல்லட்டும். சட்டம் சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மாணவர்கள், இயக்கத் தோழர்கள் தங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளமானாலும் சரி. ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். போய் உட்கார்ந்து, பெயர், வயசு, எத்தனை வருசம் வேலை, இருமல் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். எழுதினதை அவங்களுக்கே படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவங்க திருத்தட்டும்.